பயன்படுத்திய கார்: சான்றிதழ் இருக்கும்போது சோதனை எதற்கு?

ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறும் குடும்பமொன்று முதலில் வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் பயன்படுத்திய கார் ஒன்றாகவே இருக்கிறது. இரவு வேலை முடியும் நேரத்தில் பேருந்து கிடைப்பது அரிது; பனிக்காலத்தில் குழந்தைகளுடன் தரிப்பிடத்தில் காத்து நிற்பதும் எளிதன்று. இவ்வாறு 7000 அல்லது 8000 டொலர் சேர்த்துக்கொண்டு கார் பார்க்கச் செல்பவரிடம், “சேஃப்டி எடுத்துத் தருகிறேன்” என்று விற்பவர் கூறியவுடன் அவரது மனம் அமைதியடைந்துவிடுகிறது. காரைத் தகுந்த ஒருவர் சோதித்துவிட்டார், இனி அச்சமில்லை என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பாதியளவே சரியானது.

பேச்சுவழக்கில் ‘சேஃப்டி’ எனப்படுவது பாதுகாப்புத் தரச் சான்றிதழ் ஆகும். மாகாண அரசின் உரிமம் பெற்ற வாகனச் சோதனை நிலையங்கள் இதனை வழங்குகின்றன. வாங்கிய காரை வீதியில் ஓட்டத் தகுதியுள்ளதாகப் பதிவுசெய்வதற்கு இது தேவை. வழங்கப்பட்ட நாளிலிருந்து 36 நாட்களுக்குச் செல்லுபடியாகும். பிரேக், ஸ்டியரிங், ரயர், விளக்குகள் போன்றவை சோதனை நடந்த நாளில் குறைந்தபட்சத் தரத்தை எட்டியிருந்தன என்பதையே இச்சான்றிதழ் உறுதிப்படுத்துகிறது. எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறதா, கியர்ப்பெட்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அது உத்தரவாதப் பத்திரமும் அன்று. முன்னர் நடைமுறையிலிருந்த கட்டாயப் புகைச் சோதனையும் பயணிகள் கார்களுக்கு 2019இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே, வாங்குவதற்கு முன் செய்யப்படும் தனிச் சோதனை வேறொரு தேவையை நிறைவு செய்கிறது. விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு கராஜை வாங்குபவரே தெரிவு செய்து, தம் செலவில் அதனைச் செய்விக்க வேண்டும். சான்றிதழ் வழங்கிய அதே இடத்தில் இதனைச் செய்விப்பதில் பெரும் பயன் இல்லை.

மெக்கானிக் காண்பது என்ன?

இந்நாட்டில் முதலில் பார்க்கவேண்டியது காரின் அடிப்பகுதி. பனிக்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு, மேலே பளபளக்கும் காரையும் கீழிருந்து அரித்துவிடுகிறது. காரை உயர்த்திப் பார்த்தால்தான் பிரேக் எண்ணெய்க் குழாய்களிலும் அடிச்சட்டத்திலும் உள்ள துருவின் ஆழம் தெரியும். பழைய காரின் அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் மகிழ்ச்சியடைவதில்லை. அவ்விடத்தைத் தட்டிப் பார்ப்பார்.

அடுத்தது காரின் கணினி. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும் காரில், பழுதைத் திருத்தாமல் குறியீட்டை மட்டும் அழித்து விளக்கை அணைத்துவிட முடியும். வாங்க வந்தவர் கண்ணுக்கு எக்குறையும் தெரியாது. ஆனால் அவ்வாறு அழிக்கும்போது, கார் தன்னைத்தானே சோதித்துச் சேமித்திருந்த பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. சிறிது தூரம் ஓடிய பின்னரே அவை மீண்டும் நிறைவடையும். ஸ்கேனரை இணைக்கும் மெக்கானிக், அப்பதிவுகள் நிறைவுறாதிருப்பதைக் கண்டால், அண்மையில் எவரோ எதையோ அழித்திருக்கிறார் என்று ஐயுறுவார். பற்றரியைக் கழற்றி மாற்றியிருந்தாலும் இவ்வாறு நிகழலாம் என்பதால், விற்பவரிடம் காரணம் கேட்பதே முறை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் அதனை இயக்கிக் கேட்பதும் இன்றியமையாதது. பார்க்க வருமுன்பே சூடாக்கி வைக்கப்பட்ட எஞ்சின் பல ஒலிகளை மறைத்துவிடும்.

இதற்குச் செலவாகும் ஓரிரு நூறு டொலர் வீண் என்று சிலர் எண்ணுவர். கியர்ப்பெட்டி ஒன்றை மாற்றுவதற்குச் சில ஆயிரம் டொலர் தேவைப்படும் என்பதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலும், குறையே இல்லாத பழைய கார் என்று ஒன்று இல்லை. மெக்கானிக்கின் குறிப்பில் நான்கைந்து குறைகள் இருப்பது காரை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல ஆதாரம். அடிச்சட்டத் துரு மட்டும் பேரம் பேசுவதற்குரியதன்று.

தெரிந்தவரிடம் வாங்கும்போது

உறவினரின் நண்பர், கோயிலில் அறிமுகமானவர் என்று தெரிந்தவர் வழியாகவே நம் சமூகத்தில் பல கார்கள் கைமாறுகின்றன. அங்கு சோதனை பற்றிப் பேசுவது அவரை நம்பவில்லை என்று சொல்வதாகிவிடுமோ என்ற தயக்கம் எழுகிறது. ஆனால் நேர்மையான விற்பவருக்கும் தம் காரின் கியர்ப்பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. இரண்டு மாதத்தில் கார் நின்றுபோனால் உறவும் அதனோடு நின்றுபோகும். “வீட்டில் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கச் சொல்கிறார்கள்” என்ற ஒரு வார்த்தை பெரும்பாலும் போதுமானது. முன்பின் அறியாத ஒருவர் சோதனைக்கு உடன்பட மறுத்தால், அந்தக் காரை விட்டுவிடலாம்.

தனியாரிடம் வாங்குவோர், பயன்படுத்திய வாகனத் தகவல் தொகுப்பைக் கேட்டுப் பெறவேண்டும். இதனை வழங்குவது விற்பவரின் கடமை. கட்டணம் 20 டொலர். காரின் ஒன்ராறியோப் பதிவு வரலாறும், அதன்மீது கடன் உள்ளதா என்ற விவரமும் இதில் இருக்கும். பிற மாகாணங்களில் நடந்தவை இதில் தெரியா. தொகுப்பிலுள்ள உரிமையாளர் பெயர் விற்பவரின் அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால், அவர் தனியார்போல் நடிக்கும் பதிவற்ற வணிகராக இருக்கக்கூடும்.

பதிவுபெற்ற வணிகர்களை ஒம்விக் என்னும் அமைப்பு ஒழுங்குபடுத்துகிறது. டாக்ஸியாக ஓடியது, பெரும் சேதத்தின் பின் மீளக் கட்டப்பட்டது போன்ற சில உண்மைகளை வணிகர் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், வாங்குபவர் 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை நீக்கலாம். மற்றபடி, கையொப்பமிட்ட பின்னர் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்ராறியோவில் இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படும் காருக்குப் பாதுகாப்பு இன்னும் குறைவு. சோதனைக்கு முன்பே முற்பணம் கேட்கப்பட்டால், “சோதனை முடிவு வாங்குபவருக்குத் திருப்தியளிக்காவிடில் இத்தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்” என்ற வரியைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, விற்பவரின் கையொப்பத்தையும் பெற்றபின் கொடுக்கலாம்.