விழுந்த மரமும் வந்த பணமும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர் பலர் கப்பலேறிய கரை அது. விடிந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்தன. நெற்பயிர் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னையின் நிலை வேறு. நெட்டை வகைக் கன்றை இன்று நட்டால், அது காய்க்கத் தொடங்கவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தோப்பை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் பல ஆண்டு வருமானத்தை இழந்தன.

தமிழக அரசு நிவாரணத் தொகையை அறிவித்தது. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என மொத்தம் 1,100 ரூபாய் வழங்கப்படும் என்றது. ஓர் எக்டரில் 175 மரங்கள் என்று கொண்டால் 1,92,500 ரூபாய் ஆகிறது. அடியோடு விழுந்த மரத்தை எண்ணுவது எளிது. ஆனால், குருத்து முறுகி, நின்றபடியே பட்டுப்போகும் மரத்தை எப்படி எண்ணுவது? கணக்கெடுக்கும் அலுவலருக்கு இது கடினமான கேள்வியே.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பணம் யாருக்குச் சேர வேண்டும்?

இத்தகைய உதவி பெரும்பாலும் ஆவணங்களைப் பார்த்தே வழங்கப்படுகிறது. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பட்டா காட்டும். எந்த நிலத்தில் என்ன பயிர் உள்ளது என்பதை அடங்கல் என்னும் பதிவேடு காட்டும். கிராம நிர்வாக அலுவலர் இவற்றைச் சரிபார்த்துப் பட்டியல் தயாரிப்பார். பின்னர், தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

ஒரு நிலத்தின் உரிமையாளர் சென்னையில் வாழ்கிறார் எனக் கொள்க. ஊரில் இருக்கும் குத்தகை விவசாயி கடன் வாங்கி உரமிட்டு, நீர் பாய்ச்சிப் பயிரை வளர்க்கிறார். புயலில் அழிந்தது அவருடைய உழைப்பு. பட்டாவில் இருப்பதோ உரிமையாளரின் பெயர். நேர்மையான உரிமையாளர் தொகையைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிடலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இருப்பினும் பல குத்தகைகள் இன்றும் வாய்மொழியாகவே நடக்கின்றன. பெயர் பதிவானால் குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று உரிமையாளர் தயங்குகிறார். வற்புறுத்தினால் அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காதோ என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். இருவரும் பேசாமல் இருந்துவிடுகின்றனர். புயல் வந்த பிறகுதான் அந்த மௌனத்தின் விலை தெரிகிறது.

குத்தகைக்காரருக்காவது கேட்பதற்கு ஓர் உரிமை உண்டு. மரம் ஏறித் தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள் ஆகியோரின் பெயர் பட்டாவிலும் இல்லை, அடங்கலிலும் இல்லை. விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் வரை அவர்களுக்குச் சில வாரங்கள் கூலி கிடைக்கும். அதன் பிறகு, புதிய கன்றுகள் காய்க்கும் வரை அந்தத் தோப்பில் அவர்களுக்கு வேலை இராது.