ஓசையின்றிக் கவரும் கள்வன்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர் பெரியோர். அக்கண்ணின் ஒளியை ஓசையின்றிக் கவரும் கள்வன் போன்றது கண்ணழுத்த நோய். மருத்துவர் இதனைக் கிளாக்கோமா என வழங்குவர்.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் இடையறாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகின்றது. வடிகால் தடைப்படின் நீர் தேங்கும்; அழுத்தம் மிகும்; பார்வை நரம்பு நலியும். இந்நோய் பெரும்பாலார்க்கு வலியின்றியே வளரும். முதலிற் குறைவது பக்கப் பார்வையே. நேர்ப்பார்வை நெடுநாள் நிற்கும். ஆதலின் நோயாளர் தம் இழப்பை உணர்வதில்லை.

இவ்வுண்மையைச் சென்னைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்கள் தெளிவுறக் காட்டின. 2001 முதல் 2004 வரை சங்கர நேத்திராலய மருத்துவர்கள் பூவிருந்தவல்லி, திருப்பெரும்புதூர் வட்டங்களைச் சேர்ந்த 27 சிற்றூர்களில், 40 வயதும் அதற்கு மேலும் உடையோரை ஆராய்ந்தனர். மெல்ல வளரும் கண்ணழுத்த நோய் உற்றோருள் நூற்றுக்கு 98 பேருக்கு மேற்பட்டோர் அதனை முன்னர் அறிந்திலர். அவருட் பலர்க்குக் கண்ணழுத்தம் இயல்பளவிலேயே இருந்தது.

அழுத்தம் மிகாத கண்ணிலும் நரம்பு அழிவது ஏன்? அடுப்பெரியும்போது புகையும் எழுவதுபோல, உயிரணு ஆக்சிஜனைக்கொண்டு ஆற்றல் பெறுங்கால் ஊறு செய்யும் பொருள்கள் சிலவும் தோன்றுகின்றன. உடல் அவற்றை அவ்வப்போது அடக்கும். அடங்காது மிகுமாயின் நரம்பணு நலியும். அதனைக் காக்க எழும் காவலணுக்கள் எல்லை கடப்பின் அழற்சி முற்றும், காவலே கேடாகும். வடிகாலும் இவ்விரண்டாற் பழுதுறும்.

இவற்றைத் தணிக்கும் வழிகளை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நிக்கோட்டினமைடு என்னும் பி3 வைட்டமின் அவ்வாராய்ச்சியில் உள்ள பொருள்களுள் ஒன்று. எனினும், இன்று உறுதிப்பட்ட மருத்துவம் கண்ணழுத்தத்தைக் குறைப்பதே. சொட்டு மருந்து, லேசர் ஒளி, அறுவை ஆகியன அதற்குரிய வழிகள். இயல்பான அழுத்தம் உடையார்க்கும் அதனை மேலும் குறைத்தல் நரம்பைக் காக்கும். அழற்சி என்னும் சொல்லைக் கேட்டு, மருத்துவரை வினவாது ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கி இடுதல் தீது. அது அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

இந்நோயால் இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். ஆகவே, 40 வயது கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உடையோரும் கண்ணழுத்தத்தோடு பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். மாணவர் இதனைத் தம் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் எடுத்துரைப்பாராக. கண் கெட்ட பின்னர்க் கதிரவனை வணங்கிப் பயன் என்னை?