ஐரிஷ் திருநாள்: அகத்தும் புறத்தும்

மார்ச் மாதம் 17ஆம் நாள் பாட்ரிக் அடிகளின் திருநாள். அயர்லாந்து மக்கள் அன்று பச்சையுடை புனைந்து, ஷாம்ராக் என்னும் மூவிதழ்ச் செடியை மார்பிற் செருகி, இசை முழங்க ஊர்வலம் வருவர். இக்கோலாகலம் அத்தீவில் தோன்றி ஏனைய நாடுகளுக்குப் பரவியதென்றே பலரும் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது.

அடிகளே அயர்லாந்திற் பிறந்தவரல்லர். பிரிட்டனிற் பிறந்த அவரைப் பதினாறு வயதளவிற் கொள்ளைக்காரர் கவர்ந்து சென்று அயர்லாந்தில் அடிமையாக்கினர். ஆறாண்டு மந்தை மேய்த்த பின் தப்பியோடியவர், பிற்காலத்தில் தாமே விரும்பி அந்நாட்டிற்கு மீண்டு நற்செய்தி புகட்டினார். இவற்றை அவரே இலத்தீனில் எழுதிவைத்துள்ளார். அவர் பாம்புகளைக் கடலுக்குள் ஓட்டினாரென்பது பின்னோர் கட்டிய கதை. ஓட்டுதற்கு அங்கே பாம்பு இருந்தாலன்றோ!

நியூயார்க்கில் 1762ஆம் ஆண்டிலேயே ஊர்வலம் நடந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் கப்பலேறினர். அமெரிக்கா சென்றோரை அங்குள்ளார் இழிவாகவே நோக்கினர். ஆதலின் அவர்தம் ஊர்வலம் வெறுங்களியாட்டமன்று. "நாங்களும் இவ்வூராரே" எனப் பறையறைந்து சொல்லிய வழக்குரையாகும். அதன் ஆரவாரத்தை நகைப்பவர் இதனை மறக்கலாகாது.

தாய்நாட்டிலோ அந்நாள் ஆலய வழிபாட்டோடு அமைதியாகக் கழிந்தது. 1920களிலிருந்து 1960 வரையில் அன்று மதுக்கடைகளை அடைக்கச் சட்டமே இருந்தது. டப்ளினில் அச்சட்டத்திற்குத் தப்பிய இடம் ராயல் டப்ளின் சங்கத்தாரின் நாய்க்கண்காட்சி. எனவே அன்றொரு நாள் மட்டும் அந்நகரில் நாய்ப்பிரியர் தொகை வியக்கத்தக்கவாறு பெருகிற்று! டப்ளின் பெருவிழா இன்றுள்ள வடிவிற் தொடங்கியது 1996இல்தான். புலம் பெயர்ந்த மக்களிடமிருந்து தாய் கற்ற பாடம் எனலாம்.

கற்றதைத் தம் போக்கில் மாற்றிக் கொண்டோரும் உளர். கார்க் மாவட்டத்து டிரிப்சி என்னும் சிற்றூரார் 1999 முதல் ஒரு மதுக்கடையினின்று மற்றொன்றுக்கு நூறடிக்கும் குறைந்த தொலைவே ஊர்வலம் நடத்தி, உலகிற் குறுகியது தமதேயெனப் பெருமை பேசினர். 2007க்குப் பின் ஒரு கடை மூடப்படவே, சேருமிடமின்றி ஊர்வலமும் நின்றது. சிக்காகோவில் குழாய்த் தொழிலாளர், சாக்கடை நீர் ஆற்றிற் கலக்குமிடத்தைக் காணப் பயன்படுத்திய சாயத்தை 1962இல் ஆற்றிலேயே கொட்டினர். ஆறு ஒரு வாரம் பச்சையாயிற்று. இன்று அளவறிந்து கொட்டுகின்றனர்.

இனி, கரீபியக் கடலிலுள்ள மான்செராட் தீவைக் காண்போம். அயர்லாந்தினின்று கூலிகளாகச் சென்ற பலருடைய வழித்தோன்றல்கள் அங்கே கரும்புத் தோட்டமும் ஆப்பிரிக்க அடிமைகளும் உடையவராயினர். 1768இல் அவ்வடிமைகள் கிளர்ச்சிக்கு நாள் குறித்தனர். எந்நாள்? மார்ச் 17. எசமானர் திருநாட்களிப்பில் மதுவுண்டு மயங்கியிருப்பரென்பது அவர் கணக்கு. சூழ்ச்சி முன்னரே வெளிப்பட்டது. தலைவர் பலர் கொல்லப்பட்டனர். அடிமையாயிருந்த அடிகளின் பெயரால் விருந்துண்டோர், தம் அடிமைகளிடத்து அவரைக் கண்டிலர்.

1985 முதல் மான்செராட்டில் அந்நாள் பொதுவிடுமுறை. தூக்கிலிடப்பட்டோரையும் பாட்ரிக்கையும் ஒருங்கே நினைந்து, ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் பச்சையுடுத்து, முழவு கொட்டி ஆடுகின்றனர். அத்தீவிற்கு வருவோரின் கடவுச்சீட்டிற் பதிக்கும் முத்திரை ஷாம்ராக் வடிவினது.