யார் பெரியவர் என்று வாக்கெடுக்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர் வாழ்வில் பெருமாற்றம் செய்தவர் யார் என்று உங்கள் இளைஞர் மன்றம் நாக்-அவுட் முறையில் வாக்கெடுப்பு நடத்தப்போவதாக எழுதியிருந்தாய். பதினாறு பெயர்களை இருவர் இருவராக மோதவிட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வாக்குக் கேட்பீர்கள்; தோற்றவர் வெளியேற, பதினாறு எட்டாகி, நான்காகி, இரண்டாகி, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். துன் வீ. தி. சம்பந்தன், சிபில் கார்த்திகேசு, மலாயா கணபதி, சீனிவாசகம் சகோதரர்கள் எல்லாரும் பட்டியலில் இருப்பது மகிழ்ச்சி. போட்டியைத் தாராளமாக நடத்துங்கள். ஆனால் கடைசியில் மிஞ்சுபவரை வரலாறு தேர்ந்தெடுத்தவர் என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். இம்முறை இரண்டைத்தான் அளக்கிறது: வாக்களிக்க வந்தவர்கள் யார், யாரை யாரோடு மோதவிட்டோம். ஒரு மனிதரின் செயல் எத்தனை பேர் வாழ்வை எப்படி மாற்றியது என்பது இதன் அளவுகோலில் அகப்படுவதில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், வாக்களிக்க வருபவர்களைப் பார். 2002இல் பிபிசி நடத்திய ‘மாபெரும் பிரிட்டானியர்’ வாக்கெடுப்பில் சர்ச்சில் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பொறியியலாளர் புரூனலுக்கு. டார்வின், ஷேக்ஸ்பியர், நியூட்டன் மூவரும் அவருக்குப் பின்னால்தான். புரூனல் பெயரால் அமைந்த பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் திரண்டு பிரசாரம் செய்ததே அதற்குப் பெருங்காரணம். அதே ஆண்டு பிபிசி உலகசேவை, உலகின் சிறந்த பாடல்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நம் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவதாக வந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் உலகம் முழுவதும் கேட்டு ஆய்ந்து அளித்த முடிவா அது? திரண்டு வாக்களித்த தமிழ் ரசிகர்களின் ஆர்வத்துக்கு அது சான்று. 2007இல் போர்ச்சுகல் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில், நாட்டைப் பல்லாண்டு அடக்கி ஆண்ட சர்வாதிகாரி சலசார் 41 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அன்றைய அரசியல்வாதிகள் மீதிருந்த கசப்பை அப்படிக் காட்டினார்கள் என்றே பலர் அதற்குப் பொருள் கொண்டனர். 2012இல் காந்திக்குப் பிந்திய மாபெரும் இந்தியரைத் தேடியபோது அமைப்பாளர்கள் பொதுவாக்கை மட்டும் நம்பவில்லை. நடுவர் குழுவின் கருத்தையும் ஒரு சந்தை ஆய்வையும் சேர்த்தே அம்பேத்கரை அறிவித்தார்கள். உங்கள் புலனக் குழுவிலும் இதுவே நடக்கும். சம்பந்தனின் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து நூறு பேர் கூடுதலாக வந்தால் அவர் ஏறுவார். ஈப்போ வழக்கறிஞர்கள் திரண்டால் அவர்களைப் போல வழக்கறிஞரான டி. ஆர். சீனிவாசகம் ஏறுவார். அவர்கள் செய்த செயல்கள் மட்டும் இருந்தபடியே இருக்கும்.

அடுத்தது நாக்-அவுட் முறைக்கே உரிய குறை. வாக்காளர்கள் முழு நேர்மையோடு வாக்களித்தாலும் இது நீங்காது. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்செ 1785இலேயே எடுத்துக்காட்டியது. உன் வாக்காளர்கள் ஒரே அளவுள்ள மூன்று அணிகள் என்று வைத்துக்கொள். முதல் அணியின் விருப்ப வரிசை சம்பந்தன், சிபில், கணபதி. இரண்டாவது அணிக்கு சிபில், கணபதி, சம்பந்தன். மூன்றாவது அணிக்கு கணபதி, சம்பந்தன், சிபில். சம்பந்தனும் சிபிலும் மோதினால் முதல் அணியும் மூன்றாவது அணியும் சேர்ந்து சம்பந்தனை வெல்ல வைக்கும். சிபிலும் கணபதியும் மோதினால் சிபில் வெல்வார். கணபதியும் சம்பந்தனும் மோதினால் கணபதி வெல்வார். ஆளுக்கொருவரை வென்று, ஆளுக்கொருவரிடம் தோற்கிறார்கள். இப்போது முதல் சுற்றில் யாரை உட்காரவைத்து மற்ற இருவரை மோதவிடுகிறாயோ, கடைசியில் அவரே வெற்றியாளர். தாளில் போட்டுப் பார். மூன்று விதமாக வரிசை அமைத்தால் மூன்று வெற்றியாளர்கள் வருவார்கள். ஒரு வாக்குகூட மாறியிருக்காது. பூப்பந்துப் போட்டியிலும் குலுக்கல் உண்டு, ஆனால் அங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கப் பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்ற ஒரு புறச்சான்று இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றுமில்லை.

மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், செல்வாக்கு என்பது தனித்தனி ஆளாகப் பிரித்தெடுக்கக்கூடியதன்று. பேராக்கில் தமிழர் பெருந்திரளாகக் குடியேறக் காரணங்களுள் ஒன்று ரப்பர். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டவை ஒன்பது ரப்பர் நாற்றுகள். மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையைச் சிங்கப்பூரில் வகுத்து, நடுங்கள் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நச்சரித்தவர் எச். என். ரிட்லி. உங்கள் பதினாறு பேரில் அவ்விருவரும் இல்லை. அவர்களைப் போற்ற வேண்டியதுமில்லை. ஆனால் அவர்கள் தொட்டு மாறிய தமிழ் வாழ்க்கைகள் கொஞ்சமல்ல. பின்வந்ததைப் பார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த கணபதி தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது, அதே மாதம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது, 1949 மே 4இல் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீவிரத் தொழிற்சங்கப் பாதை அடைபட்ட நாட்டில்தான் மிதவாதச் சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, ஆயிரக்கணக்கானோர் வேலையும் லயன் வீடும் இழந்தார்கள். அதற்கு விடையாகவே சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. ஒருவர் தோல்வியின் மேல் இன்னொருவர் பணி நிற்கிறது. கணபதியா சம்பந்தனா என்று மோதவிட்டால், நாம் புரிந்துகொள்ள வேண்டிய அந்தத் தொடர்பைத்தான் முதலில் அறுக்கிறோம்.

‘இது வெறும் விளையாட்டு அண்ணா, இப்படியாவது நாலு பேர் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வார்களே’ என்பாய். பாதி உண்மை. பெயர் தெரிவது நல்லதுதான். ஆனால் பதினாறு பேரில் எட்டுப் பேர் முதல் சுற்றிலேயே போய்விடுகிறார்கள். நீ அறிமுகப்படுத்த விரும்பியவர்களில் பாதியைத் ‘தோற்றவர்’ என்ற முத்திரையோடு அறிமுகப்படுத்துகிறாய். ‘மக்கள் தீர்ப்பை மறுக்கலாமா’ என்று வேறு யாராவது கேட்பார்கள். தேர்தலில் மக்கள் தங்களை ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பலனையும் அவர்களே சுமக்கிறார்கள். ஆகவே அங்கே அவர்கள் சொல்வதே முடிவு. யாரைப் போற்றுவது என்பதும் மக்கள் உரிமைதான். ஈப்போவில் ஒரு பூங்காவுக்கு டி. ஆர். சீனிவாசகம் பெயரும் ஒரு சாலைக்கு சிபில் பெயரும் இருப்பது அந்த வகை. ஆனால் நடந்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்பதைக் கைதூக்கி முடிவு செய்ய முடியாது.

‘அப்படியானால் அறிஞர்களிடமே விட்டுவிடுவோமா’ என்பது கனமான கேள்வி. அவர்களையும் கண்மூடி நம்பச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைக்கும் சான்றே ஒருபக்கம் சாய்ந்தது. பாப்பானில் ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் பார்த்த சிபில், 1943இல் ஜப்பானியரால் கைதாகிக் கொடிய வதைக்கு ஆளானார். அதை நாம் இவ்வளவு விவரமாக அறிவதற்கு, 1948இல் இறக்கும் முன் அவர் விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பு 1954இல் நூலானது பெரிய காரணம். இருள் பிரியும் முன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, பால் வெட்டி, பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பிய பெண்கள் எழுதிவைக்கவில்லை. அவர்களில் பலரின் பெயர் செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டுக்கு வெளியே எங்கும் பதிவாகவில்லை. வாக்கெடுப்பும் அறிஞரும் சேர்ந்து தவறவிடும் இடம் அது.

ஆகவே போட்டியின் அமைப்பைக் கொஞ்சம் மாற்று. ‘யார் பெரியவர்’ என்று கேட்காமல், ‘இவர் இந்தச் செயலைச் செய்யாதிருந்தால் எவர் வாழ்வு எப்படி வேறாகியிருக்கும்’ என்று கேள். யாரையும் வெளியேற்றாதே, ஒவ்வொருவரும் தமக்கு முதன்மையாகத் தோன்றும் ஐவரை வரிசைப்படுத்தட்டும், வரிசைக்கேற்பப் புள்ளிகளைக் கூட்டு. அம்முறையிலும் கூட்டம் சேர்த்து வெல்ல முடியும். ஆனால் முதல் சுற்றில் யார் யாருடன் விழுந்தார் என்ற தற்செயல் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாது. ஒவ்வொரு வாக்கோடும் ஒரு சான்றையும் ஒரு காரணத்தையும் எழுதக் கேள். பட்டிமன்றத்தில் நடுவர் காரணம் சொல்லாமல் தீர்ப்புச் சொன்னால் சபை விடுமா? பதினாறில் ஓர் இடத்தைத் தனி ஆளுக்கன்றி ஒரு கூட்டத்துக்கு ஒதுக்கு: பால்வெட்டுப் பெண்கள், தோட்டப்பள்ளி ஆசிரியர்கள், கூட்டுறவுக்குப் பங்கு கட்டியவர்கள்.

கடைசியாக ஒன்று. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கே வேலை செய்தவர்கள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் முதுமையில் இருக்கிறார்கள். வாக்கெடுப்பை அடுத்த ஆண்டும் நடத்தலாம். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதே. முதலில் அதைச் செய். பிறகு வாக்குக் கேள்.

அன்புடன்,
அண்ணன்