ரௌட்டரின் ஃபயர்வால் விதி பலிக்காதபோது

வீட்டு ரௌட்டரில் எந்தத் தரவு உள்ளே வரலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதிகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, முதலில் பொருந்தும் விதியே செயல்படுவதால், பொதுவான தடை விதிக்குக் கீழே எழுதப்படும் அனுமதி விதியால் பயனில்லை.

கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க இயலாதபோது, விதிகளைக் குடைவதற்கு முன் ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வான் (WAN) முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் ரௌட்டருக்குக் கிடைத்துள்ள முகவரியை, கவனிப்பது நல்லது. அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் சிஜிநாட் ஏற்பாட்டுக்குள் அவ்வீடு இருக்கிறது என்று கொள்ளலாம். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதி அது. அந்நிலையில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வரும் தரவை ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு, எவ்வளவு சரியாக இருந்தாலும் வேலை செய்யாது; இணையச் சேவை நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பெறுவதே நேரான வழி.

முகவரியில் குறையில்லையெனில், மின்தடைக்குப் பின் கேமராவின் உள்முகவரி மாறியிருக்கக்கூடும் என்பதால் அதனை ரௌட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட்டு, வீட்டு வைஃபையில் அல்லாமல் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் சோதிக்க வேண்டும். சோதனைக்காக ஃபயர்வாலை முழுவதுமாக அணைப்பது, பலர் பரிந்துரைத்தாலும், தவிர்க்க வேண்டிய பழக்கம். தடுக்கப்பட்டவற்றின் பதிவேடு ரௌட்டரில் இருந்தால் அதுவே போதும்.