மணமேடையில் ஒரு பரப்பளவுப் பாடம்

சின்னமனூரில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு முந்தைய இரவு. மண்டப மேடையில் ஏணி மேல் நின்று செவ்வந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்த இளைஞன் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தான். "சார், நல்லா இருக்கீங்களா?"

ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவன். 35 மதிப்பெண்ணுக்கே தவித்தவன். ஆண்டு விழா மேடைக்குத் தோரணம் கட்டப் போய், என் பாடவேளையைத் தவறவிட்டதற்காக எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

இப்போது பகலில் தேனியில் ஒரு துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை உடுத்தி, கண்ணாடி முகப்பை அலங்கரிக்கிறான். முகூர்த்தக் காலத்தில் இரவில் மேடை அலங்காரம்.

"மொதமொத பெரிய மேடை எடுத்தப்ப பூவைக் குத்துமதிப்பா வாங்கிட்டேன் சார். பாதிச் சுவர்கூட மூடல. விடியக்காலையில முகூர்த்த நாள் விலைக்கு வாங்கிக் கட்டினேன். கூலி போக கைக்காசும் போச்சு."

"பரப்பளவு நடத்தினேனே, மறந்துட்டியா?"

"அது வயலுக்குத்தானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

சிரித்தபடிதான் சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவன் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பாடம்.

இதுவும் ஒரு தொழில்

பெரிய கடைகளில் இந்த வேலை செய்பவரை 'விஷுவல் மெர்ச்சண்டைசர்' என்கிறார்கள். எந்தப் பொருளை எந்த உயரத்தில், எந்த நிறத்துக்குப் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் வைத்தால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பார் என்று தீர்மானிப்பவர் அவர். 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்' என்ற புகழ்பெற்ற சிறுவர் கதையை 1900இல் எழுதிய எல். ஃபிராங்க் பாம், அதற்கு முன்பே 1897இல் கடை முகப்பு அலங்காரத்துக்கென்று அமெரிக்காவில் ஓர் இதழ் தொடங்கியவர். கதை வெளிவந்த அதே ஆண்டில் துணிக்கடை முகப்பு அலங்காரம் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

நம் பள்ளத்தாக்குக்கும் இந்தக் கலை புதிதல்ல. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைச் சாலையோரக் கடைக்காரர் எப்படி அடுக்குகிறார் என்று கவனியுங்கள். குலைகள் சரிவாகப் பார்ப்பவரை நோக்கி இருக்கும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாக் கடைகளில் வளையல்கள் நிறவரிசையில் நிற்கும். நம் மாணவர்கள் தினமும் பார்க்கும் காட்சிகள் இவை.

வகுப்பில் செய்தது: முதல் பாடவேளை

எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்தேன். மேடையின் பின்சுவர்: அகலம் 20 அடி, உயரம் 10 அடி. அரை அடிக்கு ஒரு சரம் தொங்கவிட வேண்டும். எத்தனை சரம்?

"நாற்பது" என்றது வகுப்பு. ஒரு மாணவியை அழைத்து ஓர் அடி அளவுகோலில் அரை அடிக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. இடைவெளி இரண்டு, கோடுகள் மூன்று. அப்படியானால் 40 இடைவெளிக்கு 41 சரம். ஒரு சரம் 10 அடி என்றால் மொத்தம் 410 அடி.

பூவை அடிக்கணக்கில் விற்பதில்லையே! முழம் ஏறத்தாழ ஒன்றரை அடி. 410ஐ 1.5ஆல் வகுத்தால் 273.3, அதாவது 274 முழம். உதிர்வதற்கும் வாடுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 302 முழம். "பூக்காரம்மா கை குட்டையா இருந்தா?" என்று ஒருவன் கேட்டான். திட்ட அலகு ஏன் தேவை என்பதை அந்தக் கேள்வியே நடத்திவிட்டது.

சாதாரண நாள் விலையையும் முகூர்த்த நாள் விலையையும் வீட்டில் விசாரித்து வந்து, விலை உயர்வைச் சதவீதத்தில் காண்பது வீட்டுப்பாடம்.

இரண்டாம் பாடவேளை

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெஞ்சு, ஒரு பழைய வேட்டி, காலி அட்டைப் பெட்டிகள். வாழைப்பழம், தேங்காய், ஏலக்காய், திராட்சை என ஊரில் விளைவதை அவர்களே கொண்டுவந்தார்கள். விதிகள் நான்கு:

1. ஒரு மேசைக்கு ஒரு செய்தி மட்டும்.
2. முதன்மைப் பொருள் பார்ப்பவரின் கண்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும்.
3. உயரங்கள் ஒன்றுபோல் இல்லாமல் முக்கோணமாக அமைய வேண்டும்.
4. கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். எல்லா இடத்தையும் நிரப்பினால் கண் எதிலும் நிற்காது.

மதிப்பீடு எளிது. அடுத்த வகுப்பு மாணவர் ஒருவர் பத்தடி தள்ளி நின்று ஐந்து விநாடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும். "என்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டும். குழு சொல்ல நினைத்ததை அவர் சொன்னால் வெற்றி. எல்லாப் பழத்தையும் குவித்த குழுவின் மேசையைப் பார்த்தவர் "ஏதோ நிறைய இருந்துச்சு" என்றார். ஒரே ஒரு செவ்வாழைத் தாரை வெள்ளை வேட்டி முன் நிறுத்திய குழுவுக்கு உடனே பதில் கிடைத்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவள், கணக்கு வகுப்பில் அதுவரை வாய் திறக்காத மாணவி.

சொல்லியே ஆக வேண்டியவை

இந்தப் பாடம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதற்கு அல்ல. 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். உயரத்தில் ஏறுவதும் மின்விளக்கு வயர் இழுப்பதும் பயிற்சி பெற்ற பெரியவர்கள் செய்ய வேண்டியவை. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்திருப்பதையும் மாணவர்கள் அறியட்டும்.

மேலே படிக்க வழியும் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள 'நிஃப்ட்' நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். 'நான் முதல்வன்' வழிகாட்டல் வகுப்பில் பொறியியல், மருத்துவத்தோடு இவற்றையும் ஒரு வரி சொல்லலாம்.

அந்த மாணவனை மீண்டும் சந்தித்தபோது 41 சரக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இப்ப புரியுது சார்" என்றான். வகுப்பிலேயே புரிந்திருக்க வேண்டியது. உங்கள் வகுப்பிலும் தோரணம் கட்ட ஓடும் பிள்ளை ஒன்று இருக்கும். அடுத்த முறை அதனிடம் அளவு நாடாவையும் கொடுத்து அனுப்புங்கள்.