வன்தட்டின் இடக்கணக்கு

மாணவர் விடுதியின் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். எந்த அறையில் ஆள் இருக்கிறார், எது காலி என்பதை அது காட்டும். கணினியின் வன்தட்டுக்கும் இத்தகைய பதிவேடு உண்டு. அதைப் பேணும் மென்பொருளே கோப்பு முறைமை.

கோப்பு முறைமை, வன்தட்டைச் சம அளவுள்ள தொகுதிகளாகப் பிரிக்கிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு தொகுதி பெரும்பாலும் 4,096 பைட் கொண்டது. எனவே, 10,000 பைட் அளவுள்ள கட்டுரைக்கு 3 தொகுதிகள் தேவை. ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேட்டில் ஒரு பிட் உண்டு. அது 1 என்றால் தொகுதி பயன்பாட்டில் உள்ளது. 0 என்றால் காலி. காலித் தொகுதிகளின் மொத்த எண்ணிக்கையும் தனியே குறிக்கப்படும்.

இக்கணக்கில் இருவகைப் பிழைகள் நேரலாம். காலியான தொகுதியைப் பயன்பாட்டில் உள்ளதாகக் குறித்தால் இடம் வீணாகும். கோப்புகளை அழித்த பிறகும் ‘இடமில்லை’ என்ற செய்தி தோன்றலாம். பயன்பாட்டில் உள்ள தொகுதியைக் காலி எனக் குறித்தாலோ இழப்பு பெரிது. ஓர் அறையை இருவருக்குக் கொடுத்ததுபோல், அத்தொகுதி வேறொரு கோப்புக்கும் ஒதுக்கப்படும். உங்கள் கட்டுரையின் மேல் ஒரு பாடல் பதிவாகிவிடலாம்!

எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் கணக்கு பாதியில் நின்றுவிடும். இதைத் தவிர்க்க, எக்ஸ்ட்4 தான் செய்யவிருக்கும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. ஆனால், நிரலே தவறாகக் கணக்கிட்டால் குறிப்பேட்டிலும் தவறே பதிவாகும். எடுத்துக்காட்டாக, நிரல் 5 தொகுதிகளை ஒதுக்கிவைக்கிறது. பிறகு எழுதும் பணி தோல்வியடைகிறது. ஒதுக்கியவற்றைத் திருப்பித் தராமல் நிரல் வெளியேறினால், அந்த 5 தொகுதிகளும் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

இதனைச் சீர்செய்ய இரண்டு பணிகள் தேவை. முதலாவது, சேதத்தைச் சரிசெய்தல். சரிபார்ப்பு நிரல் பழைய பதிவேட்டை அப்படியே நம்புவதில்லை. ஒவ்வொரு கோப்பும் எந்தெந்தத் தொகுதிகளில் உள்ளது என்று பார்த்துப் புதிய கணக்கைத் தயாரிக்கிறது. பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துகிறது. இரண்டாவது, காரணத்தைக் களைதல். பணி வென்றாலும் தோற்றாலும், பயன்படாத தொகுதிகள் திரும்பக் கணக்கில் சேரும்படி நிரலாளர் நிரலைத் திருத்த வேண்டும்.

முதல் பணியை மட்டும் செய்தால் அதே பிழை மீண்டும் வரும். விடையை மட்டும் திருத்துவது போதாது. வழிமுறையையும் திருத்த வேண்டும். மேலும், வேறொரு கோப்பு மேலெழுதிய தகவலைச் சரிபார்ப்பு நிரலால் மீட்க இயலாது. ஆகவே, முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்திருப்பது நம் பொறுப்பு.